அமெரிக்க அப்பீல் கோர்ட் தீர்ப்புகள்: வீடியோ, கமா, நெருப்புக்கோழி

தேன்மொழி (இழை தொடக்கம்)

‘டங்கன் எதிர் போன்டா’ வழக்கில், கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட்டான 9வது சர்க்யூட் 2025 மார்ச் 20 அன்று தீர்ப்புச் சொன்னது. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களுக்குக் கலிஃபோர்னியா போட்ட தடை செல்லும், 7க்கு 4. தீர்ப்பைவிட அதிகம் பேசப்பட்டது நீதிபதி லாரன்ஸ் வான்டைக் தன் மாறுபட்ட தீர்ப்போடு யூடியூபில் ஏற்றிய வீடியோதான். சுமார் 18 நிமிடம். கறுப்பு அங்கி போட்டபடி தன் அறையில் உட்கார்ந்து கைத்துப்பாக்கிகளை எடுத்து, எந்தப் பாகத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று காட்டுகிறார்.

இரண்டு சந்தேகம். வீடியோவும் தீர்ப்பில் அடக்கமா? 9வது சர்க்யூட்டில் 29 நீதிபதிப் பதவிகள் இருக்கும்போது 11 பேர் மட்டும் ஓட்டுப் போட்டது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதுபோல ரசிக்கத்தக்க தீர்ப்புகள் இருந்தால் அவற்றையும் இங்கேயே போடலாம். செய்தித் துணுக்காக மட்டும் வேண்டாம், உள்விவரத்தோடு வேண்டும்.

சட்டப்பித்தன்

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுகள் மொத்தம் 13. எண் போட்டவை 11, வாஷிங்டனுக்கு டி.சி. சர்க்யூட், காப்புரிமை வழக்குகளுக்கு ஃபெடரல் சர்க்யூட். எல்லாம் சேர்த்து 179 நீதிபதிப் பதவிகள். பாஸ்டனில் இருக்கும் 1வது சர்க்யூட்டில் வெறும் 6, 9வதில் 29. எந்த அப்பீலும் முதலில் மூன்று பேர் அமர்வுக்குத்தான் போகும். அதில் தோற்றவர் முழு அமர்வு மறுபடி கேட்கவேண்டும் என்று மனுப் போடலாம். பணியில் இருக்கும் நீதிபதிகளில் பெரும்பான்மை ஒத்துக்கொண்டால் ‘என் பாங்க்’ (en banc), அதாவது முழு அமர்வு விசாரணை. மற்ற சர்க்யூட்டுகளில் எல்லாரும் உட்காருவார்கள். 9வதில் தலைமை நீதிபதியோடு, குலுக்கலில் வரும் 10 பேர். அதுதான் உங்கள் 11.

இதனால் குலுக்கல் எப்படி விழுகிறது என்பதே சில வழக்குகளின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறது. 29 பேரின் மொத்தக் கருத்து ஒரு பக்கம் இருக்க, 11 பேரின் தீர்ப்பு வேறு பக்கம் போகலாம்.

மறுவிசாரணை மனுவுக்கு 14 நாள். சிவில் வழக்கில் அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 45 நாள். 3,900 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. 2024 டிசம்பர் 1 முதல், ஃபெடரல் அப்பீல் நடைமுறை விதிகளில் முழு அமர்வு பற்றிய பழைய விதி 35, மறுவிசாரணை பற்றிய விதி 40க்குள் போய்விட்டது. பழைய மாதிரியைப் பார்த்து மனு எழுதுபவர்கள் இதைக் கவனிக்கணும்.

வீடியோவைப் பற்றி: மாறுபட்ட தீர்ப்பு யாரையும் கட்டாது. வீடியோவும் அப்படித்தான். அதற்கு மேல் ஒரு கோளாறும் உண்டு. அப்பீல் கோர்ட் பார்க்கவேண்டியது கீழ்க்கோர்ட் ஆவணத்தை மட்டும். அங்கே தாக்கலான தாள்கள், சான்றுப் பொருள்கள், விசாரணைப் பதிவு, டாக்கெட் (வழக்கு நடவடிக்கைப்) பட்டியல், அவ்வளவுதான். விதி 10 சொல்வது அது. நீதிபதி தானே துப்பாக்கியைக் கழற்றிக் காட்டினால் அவரைக் குறுக்கு விசாரணை செய்வது யார்? நீதிபதி மார்ஷா பெர்சான் தனியாக எழுதி, வான்டைக் தன்னைத்தானே நிபுணர் சாட்சியாக நியமித்துக்கொண்டுவிட்டார் என்று கண்டித்தார். இன்னும் ஐந்து நீதிபதிகள் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

மணி (டல்லாஸ்)

வான்டைக் இதுக்கு முன்னாடியும் புதுசா ஒண்ணு பண்ணியிருக்கார். 2022 ஜனவரியில ‘மக்டூகல் எதிர் வென்சுரா கவுண்டி’. கோவிட் நேரத்துல துப்பாக்கிக் கடைகளை 48 நாள் மூடி வச்சது தப்புன்னு மூணு பேர் அமர்வோட தீர்ப்பை எழுதினதே அவர்தான். கூடவே தன் தீர்ப்புக்குத் தானே உடன்பட்டு ஒரு தனித் தீர்ப்பும் எழுதினார். எப்படியும் முழு அமர்வு இதை மாத்தத்தான் போகுது, அதுக்கான வரைவை நானே தந்துடறேன்னு சொல்லி, எதிர்ப்பக்க வாதத்துல ஒரு முழுத் தீர்ப்பு வரைவையே எழுதிக் கொடுத்துட்டார். முழு அமர்வு அந்தத் தீர்ப்பை விலக்கி மறுபடி எடுத்துக்கிச்சு. அப்புறம் துப்பாக்கி உரிமை பத்தி சுப்ரீம் கோர்ட்டோட புரூயன் தீர்ப்பு வந்ததும் வழக்கு கீழ்க்கோர்ட்டுக்குப் போயிடுச்சு.

கயல்விழி

எனக்கு எப்போதும் பிடித்தது 2017இல் 1வது சர்க்யூட் தந்த ‘ஓகானர் எதிர் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி’. நீதிபதி டேவிட் பேரன் எழுதியது. ஒரு கமா இல்லாததால்தான் இந்த வழக்கே வந்தது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். அதைத் தாண்டி உள்ளே போனால் விருந்து.

மெய்ன் மாநிலத்தில் வாரம் 40 மணிக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு கூலி. சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு. பால், இறைச்சி, மீன் போன்ற கெட்டுப்போகும் பொருள்களை டப்பாவில் அடைத்தல், பதப்படுத்தல், பாதுகாத்தல், உறையவைத்தல், உலர்த்துதல், விற்பனைப்படுத்தல், சேமித்தல் என்று பட்டியல் ஓடும். கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடியும். ‘ஷிப்மென்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் கமா கிடையாது.

ஓக்ஹர்ஸ்ட் பால் கம்பெனி மேல் வழக்குப் போட்ட அதன் வண்டி ஓட்டுநர்கள் பாலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள். பொட்டலம் கட்டுவது அவர்கள் வேலை இல்லை. கமா இருந்திருந்தால் விநியோகமும் தனி வேலை, அவர்களுக்கு ஓவர்டைம் இல்லை. கமா இல்லாததால், அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொட்டலம் கட்டுதல் என்று ஒரே வேலையாகவும் படிக்கலாம். அப்படிப் படித்தால் ஓட்டுநருக்குக் கூலி உண்டு.

கம்பெனி வாதம் லேசானது இல்லை. ஒன்று, பட்டியலில் ‘அல்லது’ வருவது விநியோகத்துக்கு முன்னால் மட்டும்; அது கடைசி உருப்படி இல்லையென்றால் பட்டியலை முடித்துவைக்கும் இணைப்புச் சொல்லே இல்லாமல் போகும். இரண்டு, அனுப்புவதும் விநியோகமும் ஒன்றே என்றால் ஒரு சொல் வீண். மூன்று, மெய்ன் சட்ட வரைவுக் கையேடே கடைசி கமாவைப் போடாதே என்கிறது.

ஓட்டுநர் தரப்பு சொன்னது: பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் ‘இங்’ என்று முடிகின்றன. ‘ஷிப்மென்ட்’, ‘டிஸ்ட்ரிபியூஷன்’ இரண்டு மட்டும் அப்படி முடியவில்லை. ஆகவே அவை வேலைகளே இல்லை, பேக்கிங் எதற்காக என்பதை மட்டும் சொல்கின்றன. அதே கையேடு, உருப்படிக்கு அடைமொழி வந்தால் குழப்பம் வராமல் பார்த்துக்கொள் என்றும் எச்சரிக்கிறது.

கோர்ட் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, சட்ட வாசகம் தெளிவாக இல்லை என்று முடிவுசெய்தது. மெய்ன் கூலிச் சட்டத்தில் ஐயம் வந்தால் தொழிலாளிக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ளவேண்டும். ஓட்டுநர் பக்கம் தீர்ப்பு.

பத்திரிகைகள் கோட்டைவிட்ட இடம் ஒன்று உண்டு. 1வது சர்க்யூட் அன்று யாருக்கும் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. முழு விசாரணை இல்லாமலே கம்பெனிக்குச் சாதகமாக வந்த சுருக்கத் தீர்ப்பை ரத்து செய்து வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது, அவ்வளவே. 50 லட்சம் டாலர் என்பது 2018இல் வந்த சமரசத் தொகை. அதற்குள் மெய்ன் சட்டமன்றம் வாசகத்தைத் திருத்தியும் விட்டது. கமாவை நம்பாமல் ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் அரைப்புள்ளி போட்டார்கள். ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்பதையும் ‘டிஸ்ட்ரிபியூட்டிங்’ ஆக்கினார்கள். ஓட்டுநர் தரப்பின் இரண்டு ஓட்டையும் அடைபட்டது.

இளங்கோ

கயல்விழி அருமை. சொற்பொருள் தகராறு என்றால் 11வது சர்க்யூட் நீதிபதி கெவின் நியூசமையும் படிக்கவேண்டும். 2024 மே மாதம், ‘ஸ்னெல்’ வழக்கு. அலபாமாவில் தோட்ட வேலை செய்பவர் ஒரு வீட்டுக் கொல்லையில் தரைமட்டத்துக்கு டிராம்பொலின் (குதித்து விளையாடும் சாதனம்) பதித்துக் கொடுத்தார். ஒரு சிறுமிக்கு அடிபட்டது. அது பாலிசி சொல்லும் ‘லேண்ட்ஸ்கேப்பிங்’ (தோட்ட அமைப்பு) வேலையில் சேராது என்று காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்தது.

அகராதிகளைப் புரட்டியும் திருப்தி வராமல் நியூசம் சாட்ஜிபிடியிடம் கேட்டார். ஆம், சேரும் என்றது. அந்தப் பதிலால் வழக்கு முடிந்தது என்று பலர் எழுதினார்கள், தவறு. தோட்ட வேலைக்காரர் தன் பாலிசி விண்ணப்பத்தில் விளையாட்டுச் சாதனம் எதையும் நிறுவுவதில்லை என்று சொல்லியிருந்தார். அலபாமா சட்டப்படி அந்த விண்ணப்பமும் பாலிசியின் அங்கம். அதை வைத்தே கம்பெனி ஜெயித்தது. சாட்ஜிபிடி பகுதி நியூசமின் தனிக் கருத்து மட்டும்.

நாலு மாதம் கழித்து ‘டெலியான்’ வழக்கில் இன்னும் முறையாகச் செய்தார். கடைக் காசாளரை நோக்கித் துப்பாக்கி நீட்டினால் அவரை ‘உடல்ரீதியாகக் கட்டுப்படுத்தியது’ ஆகுமா, தண்டனை கூடுமா என்பது கேள்வி. சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி என்ற மூன்று ஏஐ கருவிகளிடமும் அதே கேள்வியைத் தலா பத்து முறை கேட்டார். முப்பது பதிலும் வார்த்தையில் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டன, சாரம் ஒன்றாகவே இருந்தது: உடல் பலத்தாலோ கருவியாலோ தடுப்பாலோ ஒருவரை அசையவிடாமல் செய்தல். பத்துப் பேரைக் கேட்டாலும் ஆளுக்கொரு விதமாகத்தானே சொல்வார்கள், அந்தச் சிறு வேறுபாடே பேச்சு வழக்கின் இயல்பு என்பது அவர் வாதம். இங்கேயும் முடிவைத் தீர்மானித்தது அந்த சர்க்யூட்டின் பழைய முன்தீர்ப்புதான். ஏஐ பதில்களை அகராதிக்குப் பதிலாக வைக்கவில்லை, கூடுதலாக ஒரு தகவல் புள்ளி என்கிறார்.

ஷாமிலா

அதே கருவியைத் தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜனவரி 30, 2வது சர்க்யூட், ‘பார்க் எதிர் கிம்’. பதில் பிரீஃபில் (எழுத்து வாதத்தில்) ஒரு முன்தீர்ப்பைச் சுட்டியிருந்தார் வழக்கறிஞர். கோர்ட் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. நகலைத் தாக்கல் செய்யுங்கள் என்று உத்தரவிட்டது. அப்படி ஒரு வழக்கே இல்லை, சாட்ஜிபிடி தந்த பெயர் என்று தெரியவந்தது. வழக்கறிஞரைக் கோர்ட்டின் ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பினார்கள். மேற்கோளைப் படித்துச் சரிபார்ப்பது எல்லாருக்கும் உள்ள கடமைதான், இதற்கென்று புதிய விதி வேண்டியதில்லை என்றது கோர்ட். 5வது சர்க்யூட் அப்படி ஒரு தனி விதி கொண்டுவர 2023 நவம்பரில் முன்மொழிந்து, 2024 ஜூனில் வேண்டாம் என்று விட்டுவிட்டது. அது சரியான முடிவு என்பது என் எண்ணம்.

மணி (டல்லாஸ்)

நெருப்புக்கோழி தீர்ப்பை இன்னும் யாரும் போடலையே! 2011, 7வது சர்க்யூட், ‘கொன்சாலஸ்-செர்வின் எதிர் ஃபோர்ட்’. நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், மண்ணுக்குள்ள தலையைப் புதைச்ச நெருப்புக்கோழி படம் ஒண்ணு, அதே மாதிரி கோட்டு சூட்டு போட்ட மனுஷன் படம் ஒண்ணு, ரெண்டையும் தீர்ப்புக்குள்ளயே அச்சடிச்சார். தனக்கு எதிரான முன்தீர்ப்பு இருக்கறதைப் பார்க்காத மாதிரி நடிக்கிற வக்கீலுக்கு அது.

சட்டப்பித்தன்

மணி, அந்தத் தீர்ப்பின் சட்டம் நூற்றுக்கு நூறு சரி. வெளிநாட்டில் நடந்த விஷயத்தை அமெரிக்காவில் விசாரிப்பதா, அந்த நாட்டுக்கே அனுப்புவதா என்பது கேள்வி. ஃபோர்ட் வழக்கு மெக்ஸிகோவில் நடந்த விபத்து. 7வது சர்க்யூட்டின் ‘அபாட் எதிர் பேயர்’ தீர்ப்பு நேராக வந்து நிற்கிறது. எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டிய பிறகும் மேல்முறையீட்டாளர் பதில் பிரீஃபில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்டிக்கவேண்டியதுதான். ஆனால் படம் போட்டது எனக்கு உவப்பில்லை. வழக்கறிஞரின் பெயர் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்தப் படத்தை அவருடைய கட்சிக்காரரும் பார்ப்பார். நீதிபதிக்கு ஆயுள் பதவி, பதில் சொல்ல மற்றவருக்கு மேடை இல்லை. ஓக்ஹர்ஸ்ட் முதல் வரியின் நயம் சட்டச் சிக்கலை நோக்கித் திரும்பியிருக்கிறது, இது ஒரு மனிதரை நோக்கி.

இளங்கோ

பித்தன் அண்ணா, பாதி ஒத்துக்கொள்கிறேன். மறுபாதி: அந்தப் படம் இல்லையென்றால் இத்தனை வருஷம் கழித்தும் சட்டக் கல்லூரிகளில் அந்தப் பாடம் நின்றிருக்காது. எதிரான முன்தீர்ப்பு வந்தால் செய்யவேண்டியது இரண்டில் ஒன்று. நம் வழக்கின் விவரம் எப்படி வேறுபடுகிறது என்று காட்டவேண்டும், அல்லது அந்த முன்தீர்ப்பு தவறு, மாற்றுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்கவேண்டும். பிரீஃப் தாக்கலான பிறகு புதுத் தீர்ப்பு வந்தால் அப்பீல் விதி 28(ஜே) படி கடிதம் போடலாம், 350 வார்த்தைக்குள். மௌனம் ஒரு வழியே இல்லை.

ஷாமிலா

நயம் சட்டத்தை நோக்கித் திரும்பியதற்கு என் உதாரணம் ‘யொவினோ எதிர் ரிசோ’. 9வது சர்க்யூட் நீதிபதி ஸ்டீபன் ரெய்ன்ஹார்ட் 2018 மார்ச் 29 அன்று காலமானார். அவர் எழுதிய முழு அமர்வுத் தீர்ப்பு ஏப்ரல் 9 அன்று வெளியானது. அவர் ஓட்டைச் சேர்த்தால் 11இல் 6, பெரும்பான்மை. சேர்க்காவிட்டால் 10இல் 5. முடிவில் எல்லாரும் ஒத்துப்போனார்கள், அந்தக் காரணங்களைப் பின்னால் வரும் அமர்வுகள் மேல் கட்டவே பெரும்பான்மை தேவைப்பட்டது. சுப்ரீம் கோர்ட் 2019 பிப்ரவரியில் அதை ரத்து செய்தது. ஃபெடரல் நீதிபதிகளுக்குப் பதவி ஆயுள் முழுவதும்தான், நித்தியத்துக்கு இல்லை என்று ஒரே வரி. ஒரு தீர்ப்பு எந்தக் கணத்தில் தீர்ப்பாகிறது என்பது அதில் தெளிவாகிவிட்டது: கையெழுத்தான அன்று இல்லை, வெளியான அன்று.

தேன்மொழி

நடைமுறைக் கேள்வி. தோற்றவர் அப்பீல் போக என்னென்ன செய்யவேண்டும், எங்கே தவறுகிறது?

சட்டப்பித்தன்

நோட்டீஸ் ஆஃப் அப்பீல் (அப்பீல் அறிவிப்பு) என்பது ஒரே பக்கம். அதை அப்பீல் கோர்ட்டில் இல்லை, வழக்கை விசாரித்த மாவட்டக் கோர்ட்டில் தாக்கல் செய்யவேண்டும். கட்டணம் 605 டாலர். சிவில் வழக்கு என்றால் தீர்ப்புப் பதிவான நாளிலிருந்து 30 நாள், அமெரிக்க அரசு தரப்பாக இருந்தால் 60, குற்ற வழக்கில் குற்றவாளிக்கு 14.

பெரும்பாலும் சறுக்குவது இங்கே. புது விசாரணை கேட்டோ தீர்ப்பைத் திருத்தக் கேட்டோ மாவட்டக் கோர்ட்டில் மனுப் போட்டால் 30 நாள் கணக்கு நிற்கும். ஆனால் அந்த மனு 28 நாளுக்குள் போயிருக்கவேண்டும். 29ஆம் நாள் போட்டால் கணக்கு நிற்காது. அந்த 28ஐ நீட்டிக்க நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. நீதிபதி நீட்டித்துவிட்டாரே என்று நம்பி இருப்பவருக்கு அப்பீல் காலமும் கடந்துவிடும்.

இதன் கொடுமையான உதாரணம் 2007இல் சுப்ரீம் கோர்ட் வரை போன ‘போல்ஸ் எதிர் ரஸ்ஸல்’. தவறிப்போன அப்பீல் காலத்தை மறுபடி திறந்துகொடுத்தால் விதி 14 நாள் தருகிறது. மாவட்ட நீதிபதி தவறாக 17 நாள் என்று உத்தரவில் எழுதிவிட்டார். 16ஆம் நாள் நோட்டீஸ் போனது. சட்டமே வகுத்த கெடு கோர்ட்டின் அதிகார வரம்பைச் சேர்ந்தது, நீதிபதியின் தவறால் அது நீளாது என்று 5க்கு 4இல் தள்ளுபடி. நீதிபதி சௌட்டரின் எதிர்ப்புத் தீர்ப்பைப் படியுங்கள், மனிதரை இப்படி நடத்தலாமா என்று கேட்கிறார். நான் அவர் பக்கம். 2017 ‘ஹேமர்’ தீர்ப்பு கொஞ்சம் தளர்த்தியது: கெடு சட்டத்தில் இல்லாமல் விதியில் மட்டும் இருந்தால் அது அதிகார வரம்பு ஆகாது. ஆகவே கோர்ட் உத்தரவில் உள்ள தேதியை மட்டும் பார்த்து உட்காரக்கூடாது, விதியையும் எடுத்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

கயல்விழி

பிரீஃப் பக்கம்: ஆவணம் போய்ச் சேர்ந்த 40 நாளில் மேல்முறையீட்டாளர் பிரீஃப், அடுத்த 30 நாளில் எதிர்த்தரப்பு, 21 நாளில் பதில். முதன்மை பிரீஃப் 13,000 வார்த்தை, பதில் 6,500. எழுத்து 14 பாயின்ட். வார்த்தைக் கணக்குக்குச் சான்று வைக்கவேண்டும். உள்ளூர் விதியில் கெடு மாறலாம், கட்டாயம் பாருங்கள்.

எழுத்துருவும் விஷயம்தான். டி.சி. சர்க்யூட் 2021 மார்ச்சில் காரமண்ட் வேண்டாம் என்று அறிவிப்பே போட்டது. அதே 14 பாயின்ட்டிலும் அது சின்னதாகத் தெரியும். செஞ்சுரி, டைம்ஸ் நியூ ரோமன் படிக்க எளிது என்றார்கள். 7வது சர்க்யூட் கையேடோ டைம்ஸையே விரும்பாது, அது பத்திரிகையை வேகமாகப் படிக்க ஏற்பட்ட எழுத்து என்கிறது. நாள் முழுக்க பிரீஃப் படிக்கும் கண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

7வதில் இன்னொரு பொறி: எதிர்த்தரப்பு தன் பிரீஃபில், மேல்முறையீட்டாளரின் அதிகார வரம்பு அறிக்கை ‘முழுமையானது, சரியானது’ என்றோ இல்லை என்றோ வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவர் என்பதால் ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்த வழக்கில், எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புக்) கம்பெனி என்றால் அது பதிவான மாநிலத்தை எழுதினால் போதாது, ஒவ்வொரு உறுப்பினரும் எந்த மாநிலக் குடிமகன் என்று எழுதவேண்டும். ‘வசிப்பவர்’ என்று எழுதினாலும் செல்லாது. இரு தரப்பிலும் ஒரே மாநிலத்தவர் ஒருவர் இருப்பது அப்பீலில் தெரியவந்தால், வருஷக்கணக்காக நடந்த வழக்கு மொத்தமும் அடியோடு போகும்.

மணி (டல்லாஸ்)

குரங்கு செல்ஃபி வழக்கையும் சேர்த்துக்கோங்க, 2018, 9வது சர்க்யூட், ‘நருட்டோ எதிர் ஸ்லேட்டர்’. பதிப்புரிமைச் சட்டத்துல பிள்ளைகள், விதவைன்னெல்லாம் சொல் வருது, அதெல்லாம் மனுஷனுக்குத்தான் பொருந்தும், அதனால குரங்கு வழக்குப் போட முடியாதுன்னு தீர்ப்பு. ரெண்டு தரப்பும் சமரசம் ஆகிட்டோம், வழக்கை முடிச்சுக்கறோம்னு கேட்டும் கோர்ட் விடலை, தீர்ப்பை எழுதியே தீர்ந்துச்சு.

தேன்மொழி

நன்றி எல்லாருக்கும். கடைசியாக ஒன்று: வாதங்களை நேரில் கேட்கமுடியுமா? டி.சி. சர்க்யூட் தலைமை நீதிபதி ஸ்ரீ ஸ்ரீனிவாசன் நம்மூர் வேர் உள்ளவர் என்கிறார்களே?

இளங்கோ

ஆம் தேன்மொழி. பிறந்தது சண்டிகரில், வளர்ந்தது கான்சஸ் மாநிலம் லாரன்ஸில், அப்பாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2013 மே மாதம் செனட் 97க்கு 0 என்று உறுதிசெய்தது. 2020 பிப்ரவரி முதல் தலைமை நீதிபதி. தலைமைப் பதவி யாரும் தேர்ந்தெடுப்பது இல்லை. 65 வயது நிரம்பாதவர்களில் பணிமூப்பு உள்ளவருக்குத் தானாக வரும், அதிகபட்சம் 7 ஆண்டு.

9வது சர்க்யூட் வாதங்கள் யூடியூபில் நேரலை. மற்றவற்றில் ஒலிப்பதிவை அந்தந்தக் கோர்ட்டின் இணையதளத்திலேயே கேட்கலாம். ஒரு தரப்புக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம். மேடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு இருக்கும். 7வதில் எந்த மூன்று நீதிபதிகள் என்பது அன்று காலையில்தான் தெரியும். 4வதில், ரிச்மண்ட் போனால், வாதம் முடிந்ததும் மூன்று நீதிபதிகளும் மேடையிலிருந்து இறங்கி வந்து இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் கைகொடுப்பார்கள். கேட்கத் தொடங்குவதற்கு முன் இரு பிரீஃபிலும் ‘வாதச் சுருக்கம்’ பகுதியை மட்டும் படித்துவிடுங்கள். நீதிபதி எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி எடுக்கிறார் என்பது முதல் இரண்டு நிமிடத்திலேயே பிடிபடும்.